பழைய கார் வாங்குவோர் கேட்க மறக்கும் கேள்வி: காற்றுப் பை மாற்றப்பட்டதா?

சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் என்று கெடாவின் எந்தப் பக்கம் போனாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய பல குடும்பங்களுக்கு முதல் கார் என்பதே இப்படி மூன்றாவது, நான்காவது கையாக வந்ததுதான். வாங்கும்போது இன்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், சாலைவரி எப்போது முடிகிறது என்று கேட்கிறார்கள். ஸ்டியரிங்குக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் காற்றுப் பையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

கேட்க வேண்டிய காரணம் 2014 ஜூலை 27ஆம் தேதி சரவாக், சிபுவில் நடந்தது. 2003ஆம் ஆண்டு தயாரான ஹோண்டா சிட்டி கார் ஒன்று விபத்தில் சிக்கியபோது காற்றுப் பை விரிந்தது. காப்பாற்ற வேண்டிய அந்தப் பையின் உள்ளிருந்து பாய்ந்த உலோகத் துண்டு, காரை ஓட்டிய கர்ப்பிணியின் உயிரைப் பறித்தது. வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தையும் பிழைக்கவில்லை. ஜப்பானின் தகாத்தா நிறுவனம் தயாரித்த காற்றுப் பையால் அமெரிக்காவுக்கு வெளியே நிகழ்ந்த முதல் உயிரிழப்பு என்று இது பதிவானது. 2016லும் 2018லும் மலேசியாவில் மேலும் சிலர் இதே கோளாறால் உயிரிழந்தனர். உலகம் முழுவதும் சேர்த்தால் பலியானோர் எண்ணிக்கை 30ஐத் தாண்டிவிட்டது.

கோளாறு எங்கே என்பது தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு எளிதில் புரியும். விபத்து நடந்த நொடியில் காற்றுப் பையை ஊத வைப்பது, ஓர் உலோகக் குடுவைக்குள் இருக்கும் வேதிப்பொருள். தகாத்தா அதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது. உரமாகவும், பாறை உடைக்கும் வெடிமருந்திலும் பயன்படும் அதே பொருள்தான். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஸ்டோரில் கிடக்கும் உர மூட்டை ஈரம் பட்டுக் கட்டியாகி, பிறகு உதிர்ந்து பொடியாவதைப் பார்த்திருப்போம். குடுவைக்குள் இருக்கும் வில்லைகளும் ஆண்டுக்கணக்கில் பகல் வெயிலிலும் இரவு ஈரத்திலும் மாறி மாறி இருந்து வலுவிழக்கின்றன. விபத்தின்போது அவை எரிய வேண்டிய வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக எரிகின்றன. அழுத்தம் தாங்காமல் குடுவையே வெடித்து, அதன் துண்டுகள் ஓட்டுநரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாய்கின்றன.

ஆகவே வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் ஆபத்து அதிகம். கார் பழையதாக ஆக ஆபத்து கூடும். வெயிலில் நிறுத்தப்படும் பழைய கார் என்றால் நம் ஊரில் பாதிக் கார்கள் அந்தக் கணக்கில் வந்துவிடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாது. ஓட்டும்போது எந்த மாற்றமும் இருக்காது. பட்டறை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பார்த்துச் சொல்ல முடியாது.

சோதனை முடிவுகளைத் திரித்துக் கார் நிறுவனங்களிடம் கொடுத்ததை தகாத்தா 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் திவாலானது. ஆனால் காருக்குப் பொறுப்பு கார் நிறுவனத்துடையது. உலகளவில் சுமார் 10 கோடிக் குடுவைகளை மாற்ற வேண்டியிருந்தது. மலேசியாவில் ஹோண்டாவின் சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கோர்ட், சிஆர்-வி எனப் பல ரகங்களின் குறிப்பிட்ட ஆண்டுக் கார்கள் இந்த 'ரீகால்' பட்டியலில் வந்தன. ஹோண்டா மட்டுமல்ல, டொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ உட்பட வேறு நிறுவனங்களும் அறிவிப்பு வெளியிட்டன. மாற்றிக் கொடுப்பது இலவசம். பாகத்துக்கும் கூலிக்கும் ஒரு காசு கேட்கக் கூடாது. எத்தனையாவது உரிமையாளர் என்பதும் பொருட்டல்ல.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிறுவனம் கடிதம் அனுப்புவது தன் பதிவில் உள்ள பெயருக்கும் முகவரிக்கும். கார் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். முதல் உரிமையாளர் வீடு மாறியிருப்பார். தோட்ட லயத்து முகவரியில் பதிந்த கார் என்றால் அந்த லயமே இடிக்கப்பட்டிருக்கலாம். பெயர் மாற்றாமல், தவணையை மட்டும் தொடர்ந்து கட்டி ஓட்டும் 'சம்போங் பாயார்' கார்களுக்குக் கடிதம் போய்ச் சேர வழியே இல்லை. கடிதம் வரவில்லையே, அப்படியானால் நம் கார் பாதுகாப்பானது என்று நினைப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஆஸ்திரேலிய அரசு 2018இல் இதைக் கட்டாய ரீகாலாக அறிவித்து, ஒவ்வொரு காரையும் தேடிப் பிடிக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீதே வைத்தது. இங்கே தேடிப் போகும் வேலை பெரும்பாலும் வாகன உரிமையாளரின் தலையில்தான் விழுகிறது.

அந்த வேலை பெரிதல்ல. 'கெரான்' எனப்படும் வாகன உரிமைப் பத்திரத்தில் சேசிஸ் எண் இருக்கும். அதை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பதிந்தாலோ, அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் காட்டினாலோ போதும். காற்றுப் பை மாற்ற வேண்டிய காரா, ஏற்கெனவே மாற்றிவிட்டார்களா என்று சொல்லிவிடுவார்கள். ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒரு பக்கம் மாற்றப்பட்டு மறுபக்கம் விடுபட்டிருக்கலாம். மாற்றிய பிறகு அதற்கான தாளை வாங்கிக் கெரானோடு வைத்துக்கொள்வது நல்லது. காரை விற்கும்போது அடுத்தவருக்கும் அது பயன்படும்.

எண்ணைச் சரிபார்த்தாலும் தப்பிவிடக்கூடிய கார்கள் உண்டு. விபத்தில் ஒருமுறை பை விரிந்துவிட்ட காருக்கு, செலவைக் குறைக்க 'ஹாஃப் கட்' கடையில் வாங்கிய பழைய பையைப் பொருத்தியிருந்தால், சேசிஸ் எண் அதைக் காட்டிக் கொடுக்காது. அந்தப் பழைய பை தகாத்தாவுடையதாகவும் இருக்கலாம். விபத்தில் சிக்கிய காரா என்று விற்பவரிடம் நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது அவசியம்.

சேவை மையம் இழுத்தடித்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். கோளாறான பொருளால் மரணமோ காயமோ ஏற்பட்டால் தயாரிப்பாளரும், வெளிநாட்டிலிருந்து அதை இறக்குமதி செய்தவரும் பொறுப்பு என்கிறது அச்சட்டம். பாதுகாப்பற்ற பொருளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. குறையை மறைத்து விற்ற பழைய கார் வியாபாரி மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாதவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். ஆனால் காயம், மரணம் தொடர்பான இழப்பீட்டை அந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும், வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவை அணுகலாம். அப்படி ஒரு வழக்கு வந்தால் முதலில் தேவைப்படுவது விபத்துக்குள்ளான அந்தக் கார்தான். போலீஸ் புகாரும் மருத்துவ அறிக்கையும் கையில் வரும் முன்பே காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், வெடித்த குடுவையும் அதோடு போய்விடும்.