அமுதசுரபியும் பிடியரிசியும்



எங்கள் தீவுப்பகுதி மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. படலையடியில் யாரும் வந்து நின்றால், "வாருங்கோ" என்று சொன்ன கையோடு "சாப்பிட்டியளோ?" என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வந்தவர் எந்த வள்ளத்தில் வந்தார், காற்று எப்படி இருந்தது, திரும்பிப் போகும் வள்ளம் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரியும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். கடல் குழம்பினால் நேரமும் குழம்பும். அப்படி வந்தவர் வேளைக்கு உண்டிருக்கமாட்டார். அவருக்குச் சோறு போடவேண்டியவர் அவர் முதலில் படலை திறக்கும் வீட்டுக்காரரே.

இந்தக் கணக்கு எவ்வளவு பழையது என்று தேடிப் போனால் நாம் மணிமேகலையில் போய் நிற்கிறோம்.

சீத்தலைச் சாத்தனார் படைத்த ஆபுத்திரனை நீங்கள் அறிவீர்கள். மதுரையில் சிந்தாதேவி கோயிலில் தங்கி, வீடுவீடாகப் பெற்ற பிச்சையைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் என எல்லோருக்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கியவன் அவன். மழைக்காலத்து நள்ளிரவு ஒன்றிற் பசித்து வந்தோருக்குக் கொடுக்க ஒன்றுமின்றி அவன் கலங்கியபோது, தேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை அவன் கையிற் கொடுத்தாள். பின்னர் இந்திரனின் செயலால் பாண்டிநாட்டில் மழை பெய்தது, நாடு செழித்தது, பசித்து வருவார் இல்லாது போயினர். சாவக நாட்டிலே பஞ்சம் என்று கப்பலில் வந்தோர் சொல்லக் கேட்டு, ஆபுத்திரன் அங்கு செல்லக் கப்பலேறினான். காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கிற்று. அவன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமிகள் இரவிலே பாய் விரித்துப் போய்விட்டார்கள்.

உலகத்துக்கே சோறிடவல்ல பாத்திரம் கையில் இருக்கிறது. உண்பதற்கு ஒருவரும் இல்லை. தன் ஒருவன் வயிற்றை மட்டும் வளர்ப்பதற்கு அதைப் பயன்படுத்த அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்படுமாறு சொல்லி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

நான் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் படிப்பிப்பவன். உயர்தர வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவன் எழுந்து, "ஏன் சேர், அவர் அதில சாப்பிட்டிருக்கலாம்தானே?" என்று கேட்பான். நியாயமான கேள்வி. அதற்கு நான் கண்ட பதிலைப் பின்னர் சொல்கிறேன்.

மணிபல்லவம் என்பது நயினாதீவே என எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆராய்ச்சியாளர் எல்லோரும் இதற்கு உடன்பட்டவர்கள் அல்லர். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. ஆனால் நயினாதீவு மக்கள் தங்கள் நாகபூஷணி அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கு 'அமுதசுரபி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பௌத்த காப்பியத்தின் பாத்திரம் ஒரு சைவக் கோயிலின் சோற்று மண்டபத்துக்குப் பெயராகியிருக்கிறது. சற்றுத் தொலைவில் நாகவிகாரை இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி இறங்குதுறைகள். கடல் ஒன்று; பசியும் ஒன்று.

அதே அம்மன் கோயில் வளவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. அது பேசுவது ஊராத்துறையைப் பற்றி, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையைப் பற்றி. பரதேசிகள் அத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் சரிபாதி.

இதனை முழுத் தருமம் என்று சொல்லமாட்டேன். மன்னனுக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்தன. பாதிச் சரக்கும் அவனுக்கே போயிற்று. எனினும் அந்தக் காலத்து உலக வழக்கோடு வைத்துப் பார்க்கவேண்டும். கரை ஒதுங்கிய கப்பல் கரைக்குரிய அரசனுக்கே என்பது பல நாடுகளில் நடைமுறையாக இருந்தது. ஆந்திரக் கரையிலே மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் 1244இல் காகதீய மன்னன் கணபதி வெட்டுவித்த சாசனம், முந்திய அரசர்கள் அவ்வாறு எல்லாவற்றையும் பறித்ததைச் சொல்லி, தான் தீர்வை மாத்திரமே கொள்வதாக அறிவிக்கிறது. அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே எங்கள் கடலில், எல்லாம் இழந்து கரைசேர்ந்தவனுக்கும் ஓர் உரிமை உண்டு என்பது கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

கல்லில் எழுதாத சட்டங்களும் இருந்தன. யாழ்ப்பாணத்து வீடுகளின் சங்கடப்படலையை எண்ணிப் பாருங்கள். மதிலுக்கு வெளியே நிற்பவனுக்கு வெயில் படாமல் ஒரு கூரை. பக்கத்திலே தண்ணீர்ப் பானை. வீதியோரத்திலே தலைச்சுமையை யாருடைய உதவியுமின்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கி. மாடு முதுகு உரோஞ்ச ஆவுரோஞ்சிக்கல். இவற்றைக் கட்டியவர்களிற் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. வழியிற் போகிறவனும் கட்டியவர் யாரென்று கேட்பதில்லை.

இவற்றுள்ளே மிகச் சிறியது பிடியரிசி. உலை வைக்கும் பெண், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிற் போடுவாள். கிழமை முடிவிலோ மாத முடிவிலோ அது கோயிலுக்கோ மடத்துக்கோ இல்லாதவர் வீட்டுக்கோ போகும். 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோருக்கு வார்த்தார். அத்தகைய பெருமுயற்சிகளுக்கும் அடியில் இருந்தது இந்தப் பிடியளவு கொடுத்துப் பழகிய கைகள்தாம் என்று நான் நினைக்கிறேன்.

கத்தோலிக்க மக்களிடத்தும் இதே உணர்வைக் காணலாம். நெடுந்தீவுப் பங்கைச் சேர்ந்த கச்சதீவில் குடியிருப்பார் எவருமில்லை. குடிக்க நல்ல தண்ணீரும் இல்லை. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரத்துப் படையாட்சி ஒருவர் அந்தோனியாருக்குக் கோயில் கட்டினார். தவக்காலத்துத் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் மக்கள் வருவார்கள். போரினால் நெடுங்காலம் தடைப்பட்டிருந்த அந்தத் திருவிழா மீண்டும் நடக்கிறது. 2016இல் புதிய ஆலயமும் எழுந்தது. தண்ணீரும் சோறும் எல்லாம் வள்ளத்தில் வரவேண்டிய இடம். கொண்டுவந்தவர் கொண்டுவராதவரோடு பகிராவிட்டால் அங்கே ஓர் இரவும் தங்க இயலாது.

இனி என் பதிலுக்கு வருகிறேன்.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது எனக்கு வயது பதினொன்று. வேலணையிலிருந்து அராலிப் பக்கமாகக் கடல் கடந்து யாழ்ப்பாணம் போனோம். எங்களுக்கு இடம் கிடைத்தது ஒரு கத்தோலிக்க தேவாலயத்தின் மண்டபத்தில். இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள்; பெரும்பாலானோர் சைவர்கள். முதல்நாள் பின்னேரம் பெரிய கிடாரத்திற் சமைத்த சோறு வந்தது. என் அப்பாச்சி தட்டைத் தொடவில்லை. விரத நாள் என்றாள். அன்று எந்த விரதமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பங்குச் சுவாமியாருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலையில் அரிசி, பருப்பு, ஒரு புதுப்பானை, விறகு எல்லாவற்றையும் இரண்டு பொடியன்களிடம் கொடுத்தனுப்பி, தானும் பின்னால் வந்தார். "அம்மா, நீங்களே உலை வையுங்கோ. கிணறு அந்தா இருக்கு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மதத்தைப் பற்றியோ சாதியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

அப்பாச்சி அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துச் சிரட்டையொன்றிற் போட்டு மூடிவைத்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "எங்களுக்கே ஆரோ தந்த அரிசி. அதுக்குள்ள என்ன பிடியரிசி, மாமி?" என்றார்.

"நாளைக்கும் ஆக்கள் வருவினம், பிள்ளை" என்றாள் அப்பாச்சி.

வந்தார்கள். மூன்றாம் நாள் இரவு கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்துக்கு அந்தச் சிரட்டை அரிசியிலேதான் கஞ்சி வைத்தோம். அன்றைக்கு அப்பாச்சியின் முகத்தைப் பார்த்தேன். இடம்பெயர்ந்த நாள் முதல் குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது. வாங்கி உண்பவளாக அந்த மண்டபத்துக்குள் வந்தவள், மூன்று நாளில் மீண்டும் கொடுப்பவளாகிவிட்டாள்.

ஆபுத்திரன் ஏன் உண்ணவில்லை என்று கேட்கும் மாணவனுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கொடுத்துப் பழகியவருக்குச் சோறு மட்டும் போதாது. கொடுப்பதற்கு ஓர் ஆளும் வேண்டும். சுவாமியார் எங்களுக்குத் தந்தவற்றுள் பெரியது அரிசி அல்ல. அரிசியை எங்கள் கையிலேயே விட்டதுதான்.

கொடுப்பவர் உயிரையே கொடுத்துவிட்ட சம்பவமும் எங்கள் தீவின் வரலாற்றில் உண்டு. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தையாக இருந்தவர் திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார். 2006 ஆகஸ்ட் 12 இரவும் 13 அதிகாலையும் எறிகணைகள் விழுந்தபோது ஊர்மக்கள் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்தனர். தேவாலயமும் தப்பவில்லை, பலர் மாண்டனர். எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்குப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்க அடிகளார் பாடுபட்டார். அதே மாதம் 20ஆம் திகதி, உடன்சென்ற இன்னொருவரோடு அல்லைப்பிட்டியில் காணாமற் போனார். இருவரும் திரும்பவில்லை. கதவைத் திறந்துவைத்தவரைத் தேடி இன்றும் அந்த மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

நேயர்களே, இவ்வளவையும் சொன்னது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. என் மனத்தை உறுத்தும் ஒன்று இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆனி மாத மகோற்சவத்துக்கு நயினாதீவு போயிருந்தேன். பதினைந்து நாள் திருவிழா. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்த எம்மவர்கள் நிறைந்திருந்தார்கள். அன்னதானத்துக்குக் குறைவே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்து உண்ட ஒரு முதியவளிடம், "ஆச்சி, ஒவ்வொரு நாளும் வாறனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஏலுமெண்டால் வருவன் தம்பி. சோத்துக்கு ஒரு குறையும் இல்லை. காய்ச்சல் எண்டு படுத்தால்தான் படலை திறக்க ஆளில்லை" என்றார்.

அவருடைய மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். இரு பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. அவருக்கு மாதாமாதம் காசு வருகிறது. வராதது காலையில் "ஆச்சி, எழும்பிட்டியளோ?" என்று கேட்கும் ஒரு குரல்.

இந்த நிலை நயினாதீவுக்கு மட்டும் உரியதல்ல. புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புதிதாக வர்ணம் பூசிய கோபுரங்களுக்கும் தேவாலயங்களுக்கும் அயலில் கூரை விழுந்த வீடுகள் நிற்கின்றன. நெடுந்தீவில் ஐயாயிரத்துக்கும் குறைவானோரே வாழ்கிறார்கள். அங்கே நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தால், கடல் கடந்து கொண்டுபோக ஒரு படகு மட்டும் போதாது. கூடப் போக ஓர் ஆளும் வேண்டும். ஆபுத்திரனுடைய துயரம் மறுபக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது. பாத்திரம் நிறைந்திருக்கிறது. கப்பல் போய்விட்டது.

புலம்பெயர்ந்த உறவுகளை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் அனுப்பாவிட்டால் பல அடுப்புகள் எரியா. ஆனால் ஊர்ச் சங்கங்களுக்கும் ஆலய பரிபாலன சபைகளுக்கும் பங்குச் சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம் வைக்கலாம். பத்து நாள் அன்னதானத்தில் ஒரு நாள் செலவை எடுத்து வையுங்கள். தனித்திருக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். அதில் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்ற நிரல் வேண்டாம். அந்த ஊரிலேயே வேலையின்றி இருக்கும் ஓர் இளைஞனுக்கோ யுவதிக்கோ சம்பளம் கொடுத்து, நாளுக்கு ஒருமுறை அந்தப் படலைகளைத் தட்டச் சொல்லுங்கள். மருந்து வாங்க, தண்ணீர் அள்ள, வள்ளம் ஏற்றிவிட ஒரு கை. அந்தச் சம்பளத்தால் ஓர் இளைய குடும்பமும் தீவிலே தங்கும்.

அப்படிப் படலை தட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்க விரும்புகிறேன். அந்த ஆச்சி ஒரு தேத்தண்ணியோ ஒரு துண்டு பனங்கட்டியோ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வாங்கிக் குடியுங்கள். என் அப்பாச்சியின் சிரட்டை அரிசியைப் போல, அவர் நாள் முழுவதும் யாருக்கோ என்று எடுத்துவைத்திருந்ததாக இருக்கும் அது.