கனிப்பொருள் தேடிய கூடாரம்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே நாம் போற்றி வருகின்றோம். ஆயின் அவர் இலங்கையில் முதன்முதல் ஏற்ற பணி கலையைச் சார்ந்ததன்று. இலண்டனிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று பட்டம் பெற்ற அவர், 1903ஆம் ஆண்டில் இங்கு தொடங்கப்பெற்ற கனிப்பொருள் அளவைப் பகுதிக்கு முதற் பணிப்பாளரானார்; 1906 வரை அப்பதவியில் இருந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் இவ்வாண்டுகளை இரண்டு வரிகளிற் கடந்து நடராச தத்துவத்துக்கு விரைந்து விடுகின்றனர். அவ்விரு வரிகளுக்குள் மறைந்து கிடப்பது ஒரு கூடாரம். அதனருகே சற்று நிற்பது பயனுடைத்து.

அளவை அலுவலர் ஒருவருக்குக் கூடாரம் ஏன் வேண்டப்பட்டது? இத்தீவின் பெரும்பகுதி மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளால் ஆனது. அவற்றிலுள்ள அரிய கனிப்பொருள்கள் ஓரிடத்தில் திரண்டு கிடப்பதில்லை. பிரையர் என்பாரும் குமாரசுவாமியும் 1903இற் புதியதென அறிவித்த செரண்டிபைற்று, அம்பகோட்டைக்கு அண்மையிலுள்ள கங்காப்பிட்டியிற் சுண்ணக்கல்லும் வேறொரு பாறையும் ஒன்றையொன்று தொடும் இடத்திற் கிடைத்தது. இத்தகைய இடங்களைக் கொழும்பு அலுவலகத்து மேசையிலிருந்து காண இயலாது. தோட்டங்களுக்கென அமைந்த தெருக்களும் வாடிவீடுகளும் ஓரெல்லை வரையே உதவின. அதற்கப்பால் மாட்டுவண்டியும் கூலியாட்களின் தலைச்சுமையுமே துணை.

முகாமுக்குரிய நிலத்தைத் தெரிவது எளிதன்று. குடிப்பதற்கு மட்டுமன்றி மணலையும் சரளையையும் அரித்துப் பார்ப்பதற்கும் நீர் வேண்டும். ஆகவே ஓடையை விட்டு விலக முடியாது. ஆனால், தென்மேற்குப் பருவமழையைப் பெறும் சப்பிரகமுவ மலைச்சரிவுகளில் ஓடை ஓரிரவிற் பெருகிவிடும். ஆகவே அதனை ஒட்டியிருக்கவும் முடியாது. அட்டைக்கடியைச் சொல்லவே வேண்டியதில்லை. இவை யாவற்றினும் முதன்மையானது, அரிசியும் ஆளும் வழியறிவும் தரக்கூடிய ஓர் ஊர் அருகிலிருத்தல். கனிப்பொருள் தேடுவோனுக்கு ஊரார் தருவது அரிசி மட்டுமன்று என்பதே இக்கட்டுரையில் யான் வற்புறுத்த விரும்புவது.

இரத்தினபுரி, பலாங்கொடைப் பகுதிகளில் இரத்தினக்கல் அகழ்வோர் வயல் நிலத்திற் குழி தோண்டி, அதன் சுவர்கள் சரியாவண்ணம் மரங்களால் முட்டுக்கொடுத்து, ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படையை எட்டுவர். அதனைக் கூம்பிய கூடையிலிட்டு நீரிற் சுழற்றுவர். இலேசான மணலும் களியும் விளிம்பால் வழிந்தோட, பாரமான கற்கள் அடியில் எஞ்சும். இவ்வெச்சத்துக்கும் அவர்களிடம் ‘நம்பு’ என்றொரு தனிப்பெயர் உண்டு. அதிலிருந்து நீலத்தையும் பிறவற்றையும் பொறுக்கியபின், எஞ்சியது அவர்களுக்கு வேண்டாப் பொருள். இரத்தினக்கல் அகழ்வோன் நிறுத்திய இடத்திற் கனிப்பொருளியலாளன் தொடங்குகின்றான். பல நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த ஒரு தொழில் நுட்பம் அவனுக்குரிய பிரித்தெடுப்பை முன்னரே செய்து வைத்திருந்தது.

1904ஆம் ஆண்டு அறியப்பட்ட தோரியனைற்று இவ்வாறே வெளிப்பட்டது. பலாங்கொடைப் பகுதியின் கழுவற் சரளையிற் கிடைத்த, கன வடிவினதான அந்தக் கறுப்புக் கற்கள் கையில் எடுத்த மாத்திரத்தே பாரத்தால் வியப்பூட்டுவன. முதலில் அவை யுரேனியத் தாதுவான யுரேனினைற்று எனவே கருதப்பட்டன. குமாரசுவாமி அனுப்பிய மாதிரிகளை இலண்டன் இம்பீரியல் நிறுவகத்தில் டன்ஸ்ரன் பகுத்தாய்ந்தபோது, ஏறத்தாழ முக்காற் பங்கு தோரியம் ஒட்சைட்டு எனத் தெரிந்தது. அக்காலத்தில் அது வெறும் ஆய்வுகூடச் செய்தியன்று. ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளில் ஒளிர்ந்த ‘மென்ரில்’ வலை பெரும்பாலும் அந்த ஒட்சைட்டாலேயே செய்யப்பட்டது. 1905இல், இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஒற்றோ கான் என்னும் இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பொருளை ஆராய்கையிலேயே ரேடியோதோரியத்தைக் கண்டார்.

கனிப்பொருளியல் நூல்கள் இவ்வரலாற்றில் குமாரசுவாமியையும் டன்ஸ்ரனையும் குறிக்கின்றன. கூடையைச் சுழற்றியவனுக்கு அங்கு இடமில்லை. பகுத்தாய்வின்றேல் அது வெறும் கல்லே என்று விஞ்ஞான பீட நண்பர் எவரும் வாதிடலாம், அவ்வாதம் நேர்மையானதே. எனினும் ‘கண்டுபிடித்தார்’ என்னும் வினைக்கு ஓர் எழுவாயை மட்டும் வைத்து எழுதும் வழக்கத்தை வரலாற்று மாணவர் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆட்சியாளர் அளவையை நிறுவியது தீவின் பொருள்வளத்தை எண்ணி மதிப்பிடுதற்கே. அக்கணக்கிற் கல்லுக்கு நிரல் உண்டு, கைக்கு இல்லை.

வியப்பு யாதெனில், இக்குறையை வேறொரு துறையில் நிரப்பியவரும் குமாரசுவாமியே. கல்லைத் தேடிச் சென்ற பயணங்களே கண்டி நாட்டு ஊர்களையும் அங்குள்ள கைவினைஞரையும் அவருக்கு அணுக்கமாக்கின. அவருடன் பயணஞ்செய்த துணைவியார் எதெல் நிழற்படங்கள் எடுத்தார். ஓவியர், கொல்லர், நெசவாளர் ஆகியோரின் செய்முறைகளையும் அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களையும் குமாரசுவாமி பொறுமையுடன் பதிந்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல், அவர் பதவியை விட்டு இங்கிலாந்து சென்றபின், புரோட் கம்ப்டன் என்னும் சிற்றூரில் அவருடைய மேற்பார்வையில் கையச்சிற் பதிப்பிக்கப்பட்டு 1908இல் வெளிவந்தது. அச்சிட்ட படிகள் 425. எதெல் எடுத்த படங்கள் பல அதில் உள்ளன. கூடை சுழற்றியவனுக்கு மட்டும் அத்தகைய நூலொன்று வாய்க்கவில்லை.