பெரியம்மையும் மெதிசசோனும்: சென்னையில் சோதிக்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மருந்து

வைரஸ் எதிர்ப்பு மருந்து ஒன்று மனிதரிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட முதல் இடங்களுள் சென்னையும் ஒன்று. நோய் பெரியம்மை, மருந்து மெதிசசோன். வெல்கம் ஆய்வகத்தைச் சேர்ந்த டி.ஜே. பாவரும் அவருடன் பணியாற்றியோரும் சென்னையில் நடத்திய சோதனையின் முடிவுகள் 1963இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

அதுவரை பெரியம்மை கண்டவருக்கு மருந்தென்று எதுவும் இல்லை. எம்.ரெட்டியபட்டி போன்ற அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார வானம் பார்த்த ஊர்களில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். அம்மை இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். வேப்பிலை கண்ட வீட்டுக்குள் வெளியார் நுழைய மாட்டார்கள் என்பதால் அவ்வழக்கம் நோயாளியைத் தனிமைப்படுத்தவும் உதவியது; அதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அரசிடம் இருந்த கருவி அம்மைப்பால் குத்துதல் ஒன்றே. அதைத் தயாரித்துத் தந்தது 1899இல் கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிறுவனம்.

மெதிசசோன் வைரஸின் பெருக்கத்தை இடைவழியில் மறிக்கிறது. செல்லுக்குள் வைரஸின் டிஎன்ஏ உருவாகிவிடும்; ஆனால் புதிய வைரஸ் துகள்கள் முழுமை பெறத் தேவையான புரதங்கள் உருவாவதில்லை. ஆகவே நோயாளியோடு பழகியவர் உடலில் கொப்புளம் தோன்றுமுன், ஏறத்தாழ 12 நாள் நீளும் நோயரும்பு காலத்திலேயே, மருந்து உள்ளே சென்றாக வேண்டும்.

சென்னைச் சோதனையில் நோயாளிகளோடு பழகியோரில் 1,101 பேருக்கு இம்மருந்து தரப்பட்டது. அவர்களில் 3 பேருக்கு மட்டும் லேசான அம்மை கண்டது. மருந்து பெறாத 1,126 பேரில் 78 பேர் நோயுற்றனர். 12 பேர் இறந்தனர். நூற்றுக்கு ஏழு பேரைத் தாக்கிய நோய், மருந்து பெற்றோரில் ஆயிரத்துக்கு மூவர் என்ற அளவுக்குக் குறைந்தது மருத்துவ உலகை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. மருந்து கடுமையான குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கியது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏ.ஆர். ராவ் குழுவினர் ஆய்வைத் தொடர்ந்தனர். பாகிஸ்தானிலும் சோதனை நடந்தது. ஒப்பீடு கடுமையாக்கப்பட்டபோது முதல் சோதனை காட்டிய அளவுக்குப் பலன் தெரியவில்லை. கொப்புளம் தோன்றிய பின் கொடுத்தும் பயனில்லை. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசியும், நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து சுற்றியிருப்போருக்குக் குத்திய முறையுமே. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் பதிவானார்.

தடுப்பூசி இல்லாத எச்.ஐ.வி.யில் நிலைமை வேறு; அங்கே மருந்தையே நம்ப வேண்டியிருக்கிறது. இந்தியாவில் அத்தொற்று 1986இல் சென்னையில்தான், நுண்ணுயிரியலாளர்கள் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. இம்மருந்துகள் வைரஸை முற்றிலும் அகற்றுவதில்லை. பெருக்கத்தை அடக்கி வைக்கின்றன. அன்றாடம் தவறாமல் உட்கொள்வோர் பல்லாண்டு வாழ்கின்றனர்.

பெரியம்மைக்கென 2018இல் அமெரிக்கா டெகோவிரிமாட் மருந்தை ஏற்றது. மனிதரிடையே நோயே இல்லாததால் அதன் திறன் விலங்குகளிடம்தான் நிறுவப்பட்டது. மனிதரிடம் பெரியம்மையை மருந்தால் தடுக்க முயன்றதற்கான சான்றுகளில் சென்னை ஆய்வுகள் இன்றும் முதன்மையானவை.