மட்டக்களப்பு வீடும் விருந்தும்

மட்டக்களப்புக்கு மாற்றம் பெற்றுச் செல்லும் யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு வீட்டார் சொல்லியனுப்பும் எச்சரிக்கை ஒன்று உண்டு. "கவனமாய் இரு, பாயோடை ஒட்டவைச்சுப் போடுவினம்" என்பது அது. விருந்தாளியாகச் சென்று அமர்ந்தவனைப் பாய் மந்திர வலியினாற் பற்றிக்கொள்ளும் என்றும், அவன் பின்னர் ஊர் திரும்பான் என்றும் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வந்திருக்கின்றது. எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வடக்கிலிருந்து சென்றோருட் பலர் உண்மையாகவே திரும்பவில்லை. வாவிக்கரையிலேயே மணம் முடித்து, அவ்வூரார் ஆகி, பேரப்பிள்ளைகளையும் கண்டனர். கதைக்கு இவர்களே சான்றாயினர்.

மந்திரத்தைத் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பில் மணமகன் மணமகளின் வீட்டுக்குச் செல்கிறான். சென்று அங்கேயே வாழ்கிறான். வெளியூரான் மட்டுமன்று, உள்ளூரானும் அவ்வாறே. அடுத்த தெருவில் மணம் முடித்தவனும் 'பாயோடு ஒட்டியவனே'. இன்னோர் ஊரின் உறவுமுறையை விளங்கிக்கொள்ள முயலாத சோம்பலே ஈண்டு மந்திரம் என்னும் பெயரைப் பெற்றது. யாழ்ப்பாணத்திலும் தேசவழமைப்படி சீதனம் மகளுக்கே செல்வது என்பதை நினைவுகூர்ந்தால், எச்சரிக்கை செய்தவர்களே சிறிது நாணியிருப்பார்கள்.

நம் மாணவர் படிக்கும் வரலாற்றில் மட்டக்களப்புக்குச் சில வரிகளே உள்ளன. 1602இல் ஒல்லாந்த மாலுமி ஸ்பில்பேர்கன் வந்திறங்கியதும், 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை அமைத்ததும், 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும் அவ்வரிகளில் அடங்கும். கோட்டைக்கு அரிசி எங்கிருந்து வந்தது, அதனைக் குற்றியவர் யார், அந்த வீடு யாருடையது என்பன வினாக்களாகவே எழுப்பப்படுவதில்லை. வாவிக்கரையின் வரலாறோ பெரிதும் அந்த வினாக்களுக்குள்ளேயே கிடக்கின்றது.

வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கின்றது. ஊரவர் அதனை ஆறு என்றே வழங்குவர். அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பு எழுவான்கரை. மேற்கே நெல்வயல்களும் குளங்களும் காடும் விரியும் பக்கம் படுவான்கரை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் 'பாதை'யில் ஏறியே மக்கள் கடந்தனர். பாதை என்பது ஈண்டு வழியைக் குறிப்பதன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு அங்கு வழங்கும் பெயர். மண்முனையில் பாலம் 2014ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. அதுவரை, ஒரு தாயின் வீட்டுக்கும் அவள் மகன் மணம் முடித்துச் சென்ற வீட்டுக்கும் இடையில் பல குடும்பங்களில் இந்த நீர்ப்பரப்பே கிடந்தது.

இப்பிரதேசத்தார் குடிகளாக வகுக்கப்பட்டவர்கள். குடி தாயின் வழியாக வருவது. ஒரே குடிக்குள் மணவுறவு இல்லை. ஆகவே தந்தையும் தாயும் வெவ்வேறு குடியினர், பிள்ளைகள் அனைவரும் தாயின் குடியினர். கோயில்களில் வண்ணக்கர் உரிமையும் திருவிழா உரிமையும் குடிகளின்படியே பகிரப்பட்டிருந்தன. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' இக்குடிகளையும் உரிமைகளையும் பற்றி விரிவாகப் பேசுகின்றது. இவ்வொழுங்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உண்டு. அவர்களிடத்தும் மகளுக்கே வீடு. சமயம் வேறாயினும் வீட்டின் இலக்கணம் ஒன்றாயிருந்ததை, இரு சமூகத்தையும் பகைவராக்க முயன்றோர் எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

மூத்த மகள் மணம் முடிக்கும்போது, பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மணமாகாத பிள்ளைகளுடன் அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீடு கட்டிக்கொண்டு பெயர்வர். அடுத்தவளுக்கு மணமானதும் அந்த வீடும் அவளுடையதாகும். இவ்வாறு ஒரு வளவுக்குள் தாயும் பெண்மக்களுமாக மூன்று நான்கு அடுப்புகள் எரியும். வேலிகள் இருந்தாலும் அவற்றில் கடப்புகள் உண்டு. ஒருத்தி ஆக்கிய கறி அடுத்தவளின் சட்டிக்குள் செல்வதற்கு எந்த அழைப்பும் வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைப்பதும், காய்ச்சற்காரனுக்குக் கஞ்சி வைப்பதும் அக்காள் தங்கையரின் கைகளே. கணவன் கைநீட்டினால் அவன் நிற்பது தன் வீட்டில் அன்று, அவள் வீட்டில். வேலிக்கு அப்பால் அவள் தாய் இருக்கிறாள். இதனால் பெண்ணுக்கு அடி விழவே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அடி விழுந்தபோது அவள் ஓடிச்செல்ல வேண்டிய தூரம் குறைவாயிருந்தது என்பதே உண்மை.

ஆகவே இப்பிரதேசத்தில் 'விருந்துக்குப் போதல்' என்பது பெரும்பாலும் ஆணின் பயணம். மகள் தாய்வீடு செல்வது பற்றிய ஏக்கம் தமிழகத்துக் கிராமியப் பேச்சில் எவ்வளவு இடம்பெறுகின்றது! மட்டக்களப்பில் தாய்வீடு செல்பவன் மகன். பெண்சாதி சுட்ட பணியாரத்தைப் பெட்டியில் அடுக்கி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவன் வருகின்றான். அவனுக்குப் பாய் விரிக்கப்படுகின்றது. வெற்றிலை வட்டா முன்வைக்கப்படுகின்றது. பிறந்த வீட்டில் அவன் விருந்தாளி. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். அவனுடைய குடி தாயின் குடியாதலால், கோயிற் கடமைக்கு அவன் தாயின் ஊருக்குத் திரும்பவேண்டியவன். அவனுடைய பிள்ளைகளோ மனைவியின் குடியினராய் வேறொரு நாளில், சில வேளை வேறொரு கோயிலில், தம் மாமனோடு நிற்பர். ஊரெல்லாம் ஆட்கள் இடம் மாறும் அந்த நாள்களில் எந்த வீட்டு அடுப்பும் அணைவதில்லை.

உணவிலும் அந்த நிலத்தின் கையெழுத்து உண்டு. குழம்பையும் சொதியையும் அங்கு ஆணம் என்பர். நம் அகராதிகளில் மட்டுமே பலர் காணும் ஒரு பழஞ்சொல் அங்கு அன்றாடம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கின்றது. தேங்காய்ப்பால் விட்டது பாலாணம், புளி கரைத்தது புளியாணம். வாவியில் இறாலும் நண்டும் கொடுவாவும். குளங்களில் விராலும், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுப் பெருகிய திலாப்பியாவும். காட்டோரச் சேனைகளிலிருந்து சோளமும் குரக்கனும் இறுங்கும் வரும். எருமைப் பட்டிகளிலிருந்து மண்சட்டித் தயிர் வரும். விருந்தாளிக்குச் சோற்றின் முடிவில் தயிர் ஊற்றாமல் விடுவதில்லை. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்நாட்டின் சொல்வளத்தையும் வாழ்வையும் பெருமிதத்தோடு பதிவு செய்தது. அந்தப் பெருமிதம் நமக்கும் உண்டு. ஆனால் தயிர்ச்சட்டியில் நம் ஆராய்ச்சி நின்றுவிடலாகாது.

நெல் யாருடையது? படுவான்கரையின் பெருவயல்கள் போடிமாரின் கைகளில் இருந்தன. போடியார் ஊரில் இருப்பார். வயலில் அவருக்காக முல்லைக்காரன் நிற்பான். அவனுக்குக் கீழே கூலிக்கு வயல் செய்பவர்கள் வாடிகளில் மாதக்கணக்கில் கிடப்பார்கள். மாரி மழையில் வயல் பச்சையாய் நிற்கும் மாதங்களே கூலிக்காரன் வீட்டில் அரிசிப் பானை வெறுமையாகும் மாதங்கள். அப்பொழுது கடனாய் வாங்கிய நெல், சூடடித்த பின்னர் வட்டியோடு களவெட்டியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது. போடியார் வீட்டில் விருந்தாளிக்கு வாழையிலை நிறையப் படைக்கப்பட்டபோது, அந்தச் சோற்றை விளைத்தவன் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. 1958ஆம் ஆண்டு பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் முதன்மையாகக் குத்தகை விவசாயியைக் காக்க எழுந்தது. நாட்கூலிக்கு இறங்கியவனின் வயிற்றை அது பெரிதாகத் தொடவில்லை.

படலைக்கும் ஒரு சட்டம் இருந்தது. வெளியூரானைப் பாயில் இருத்தி உபசரித்த அதே வீட்டில், வண்ணாரும் நாவிதரும் பறையடிப்போரும் பின்வளவில் நின்றே சோறு பெற்றனர். அவர்களுக்குக் 'குடிமைகள்' என்று பெயர். சடங்கு அவர்களின்றி நடவாது. ஆனால் பாய் அவர்களுக்கு விரிக்கப்படவில்லை. மட்டக்களப்பாரின் விருந்தோம்பலைப் பாடுவோர் இதனைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. இன்றும் சில வீடுகளில் தேநீர்க் கோப்பை இரண்டு வகையாய் இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

இனி, பெண்ணின் வீட்டுரிமைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். முற்காலத்தில் முக்குவர் வழமைச் சட்டம் இங்கு நிலவியது. முதுசொம் எனப்பட்ட பரம்பரைச் சொத்துத் தாய்வழியில் இறங்கியது. ஒருவனுடைய முதுசொத்துக்கு அவன் சகோதரியின் பிள்ளைகள் உரியவர். ஆயின் நிருவாகம் பெரும்பாலும் மாமன்மார் கையில். உரிமை பெண்வழியது, ஆட்சி ஆணுடையது என்ற முரண் அன்றே இருந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ இவ்வழமையை நூலாக்கி வெளியிட்ட 1876ஆம் ஆண்டிலேயே, பிரித்தானிய ஆட்சி 15ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தினால் அதனை வழக்கொழியச் செய்தது. நூல் அச்சேறியபோது சட்டம் இறந்துபோயிற்று!

சட்டம் இறந்தாலும் வழக்கம் இறக்கவில்லை. இறந்த பின் தாய்வழியிற் போக வேண்டிய சொத்தை, உயிரோடு இருக்கும்போதே மகளுக்குச் சீதனமாக எழுதத் தொடங்கினர். 1969 முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்மாற்றத்தை எடுத்துக்காட்டியுள்ளார். நிலமுள்ளவன் வீட்டில் இது உரிமையின் தொடர்ச்சியாக இருந்தது. நிலமற்றவன் வீட்டில் நடந்தது வேறு. கட்டிக் கொடுக்க வீடு இல்லையேல் மகளுக்கு மணம் இல்லை. முன்பு அவளுக்கு உரிமையாயிருந்த வீடு, இப்போது அவளை மணப்பதற்கு அவனுக்குக் கொடுக்க வேண்டிய விலையாயிற்று. பெயர் பத்திரத்தில் அவளுடையதுதான். அப்பத்திரத்தை எழுத முடியாத தாய்மார் எத்தனை பேர்!

அரசாங்கமும் தன் பங்கைச் செய்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரச காணி பெற்றவன் பின்னுரிமையாளரைப் பெயர் குறிக்காது இறந்தால், காணி மகளை விட்டு மகனுக்கே முதலிற் போகும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபின் திறக்கப்பட்ட குடியேற்றங்களின் காணிகளும் இச்சட்டத்தின் கீழேயே வந்தன. தாய்வழியே வீடு இறங்கும் நாட்டில், ஆண்வழியே காணி இறங்கும் சட்டம்! இந்தப் பாகுபாடு நீங்க 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மண்வீடுகளையும் தென்னைகளையும் ஒருசேர வீழ்த்தியது. பாலாணத்துக்குத் தேங்காய் இல்லாத வருடங்கள் அவை. பின்னர் போர் வந்தது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் தொழிலாளர் கொல்லப்பட்டனர். 1990இல் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டும் இரத்தம் சிந்தின. வண்டியில் புடவை கொண்டுவந்த முஸ்லிம் வியாபாரி படுவான்கரைப் படலைகளில் நெல்லுக்குப் பண்டம் மாற்றிய காலம் அத்தோடு ஓய்ந்தது. கணவனை இழந்த பெண்கள் பலர் அந்த நாள்களில் தெருவுக்கு வராமல் நின்றனர் என்றால், அதற்கு வீடு அவர்களுடைய பெயரில் இருந்ததும், அயல் வளவில் அக்காளோ தாயோ இருந்ததும் ஒரு காரணம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுவான்கரையைக் கொண்டுபோனது. உதவி நிறுவனங்கள் புதிய வீடுகள் கட்டின. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது; அதில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. அழிந்த வீடு மனைவியின் சீதனம். எழுந்த வீடு கணவனின் உடைமை. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்து, பெண்ணின் பெயரும் பத்திரத்தில் வரவேண்டும் என்று குரல் எழுப்பின. 1876இல் ஒரு கட்டளைச் சட்டம் செய்ததை இம்முறை ஒரு படிவத்தின் கட்டம் செய்ய முயன்றது.

இப்போது வீடு கட்டும் பணம் வயலிலிருந்தும் வாவியிலிருந்தும் வருவதில்லை. மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டு வேலை செய்யும் தாய்மாரின் சம்பளமே பல சுவர்களாக எழுந்து நிற்கின்றது. மகளுக்கு வீடு வேண்டும் என்பதற்காக, மகளை விட்டுத் தாய் வேறொருத்தியின் வீட்டு அடுக்களையில் நிற்கிறாள்.

சில மாதங்களுக்கு முன், வகுப்புக்கு வராமல் நின்ற மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு, மண்முனைப் பாலத்தைக் கடந்து நாம் செல்ல நேர்ந்தது. வளவின் நடுவே கல்லால் கட்டிய சுவர்கள் கூரையின்றி நின்றன. பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் அவளும் தம்பியும் பெத்தாவும் இருந்தனர். "வாங்க சேர், இரிங்க" என்று பெத்தா பாயைத் தட்டிப் போட்டார். சாப்பிடாமல் எழும்ப விடவில்லை. சோறு, இறால் ஆணம், கடைசியில் கடையில் வாங்கிய தயிர். தம்பியைப் பார்க்கவும் சமைக்கவும் ஆள் இல்லாததனால் அவள் பாடசாலைக்கு வருவதில்லை என்பது சொல்லாமலே தெரிந்தது.

சுவரைப் பற்றி நாம் கேட்டோம். "அது என்ட வீடு சேர்" என்றாள் அவள். "அம்மா முதல்தரம் போய் வந்து அத்திவாரம் போட்டவ. ரெண்டாந்தரம் சுவர். இப்ப கூரைக்குப் போயிருக்கா."