மின்கம்பிக்குக் காது முளைத்த கதை

செந்தூல் நிலையத்தில் கொமுட்டர் ஏறி பத்துமலைக்குப் போகிறவர்களில், தலைக்கு மேல் ஓடும் 25,000 வோல்ட் கம்பியை அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? 1995-ல் தொடங்கிய அந்த மின்சார ரயில் சேவையில் செந்தூல் வெகுகாலம் கடைசி நிலையமாக இருந்தது. 2010-ல்தான் பாதை பத்துமலை வரை நீண்டது. ஆனால் பத்துமலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு அதைவிட நூறாண்டு மூத்தது.

பத்துமலை முருகன் கோயில் தோன்றக் காரணமாக இருந்த கா. தம்புசாமிப் பிள்ளைதான், லோக் யூ என்ற சீனப் பெருவணிகருடன் சேர்ந்து, 1894-ல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி இயந்திரத்தை நிறுவியவர். சுரங்கத்தில் ஊறிய நீரை இறைக்க அந்த மின்சாரம் பயன்பட்டது. மலாயா மின்சாரத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. மறு ஆண்டு கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கும் மின்சாரம் வந்தது.

ரவாங்கில் மின்சாரத்தை உண்டாக்கியவரும் அதைச் செலவழித்தவரும் ஒருவரே. எவ்வளவு தேவை என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நகரம் வளர்ந்தபோது அந்த நெருக்கம் போய்விட்டது. 1927-ல் பங்சார் மின்நிலையம், 1949-ல் மத்திய மின்சார வாரியம், 1953-ல் கிள்ளானில் கோனாட் பிரிட்ஜ் நிலையம், 1963-ல் கேமரன் மலையின் நீர்மின் திட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து, கம்பிகளால் பிணைக்கப்பட்டு, தேசிய மின்கட்டமைப்பு உருவானது. தமிழர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும் திரளாக உழைத்த செந்தூல் ரயில்வே பட்டறையைச் சுற்றியிருந்த வீடுகளும் நாளடைவில் அந்தக் கம்பியின் முனையில் வந்து சேர்ந்தன.

ஒரு நிலையம் நின்றால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது இந்தப் பிணைப்பின் பலம். பலவீனமும் அதுவே. மின்சாரத்தின் உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு நொடியும் சரிசமமாக இருக்க வேண்டும். பெரிய நிலையம் ஒன்று திடீரென்று விலகினால் அதன் சுமை மற்றவற்றின் மீது விழும். நெருக்கமாக நிற்கும் வரிசையில் ஒருவர் சாய்ந்தால் எல்லாரும் சாய்வது போல, அவையும் அடுத்தடுத்து நின்றுபோகும். 1996 ஆகஸ்டு 3 மாலையில் நடந்தது அதுதான். திரெங்கானுவின் பாக்கா நிலையத்தருகே மின்தடத்தில் ஏற்பட்ட கோளாறு, தீபகற்பம் முழுவதையும் பல மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. அந்த வலைக்கு மின்சாரத்தை அனுப்பத் தெரிந்திருந்தது. மறுமுனையில் கடைசி வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கக் காது இல்லை. வீட்டில் விளக்கு அணைந்தால், 15454 எண்ணுக்கு யாராவது அழைத்துச் சொன்னால்தான் தெனாகாவுக்குத் தெரியும்.

காதில்லாத குறையை மாதம் ஒருமுறை தீர்த்தவர் மீட்டர் பார்க்க வருகிறவர். வெயிலிலும் மழையிலும் வாசல் வாசலாக ஏறியிறங்கிய அவரை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. அவர் வராவிட்டால் என்ன ஆகும் என்பது 2020-ல் தெரிந்தது. மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் மீட்டர் பார்ப்பது நின்றது. பில்கள் உத்தேசமாக வந்தன. பிறகு உண்மைக் கணக்கு எடுக்கப்பட்டபோது பல மாதத் தொகை ஒன்றாகத் தலையில் விழுந்தது. வேலையில்லாமல் முடங்கியிருந்த குடும்பங்கள் கொதித்தன. எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் செலவு கூடியதும் உண்மைதான். ஆனால் எந்த நாளில் எவ்வளவு கூடியது என்று காட்ட, பழைய மீட்டரில் கணக்கு ஏது? ஜூனில் அரசு கட்டணச் சலுகை அறிவித்த பிறகே கொதிப்பு சற்று அடங்கியது.

மலாக்காவில் தொடங்கிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்த ஸ்மார்ட் மீட்டர், அதாவது விவேக மீட்டர், இந்தக் குறைக்கான மருந்து. அரை மணிக்கொரு முறை அளவைக் குறித்துத் தானே அனுப்புகிறது. கைப்பேசிச் செயலியில் வீட்டுக்காரரும் பார்க்கலாம். மின்திருட்டைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2025 ஜூலை 1-ல் அமலான புதிய கட்டண முறையில், விவேக மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மற்ற வேளைகளிலும் சனி, ஞாயிறுகளிலும் விலை குறைவு.

தரை வீட்டுக்காரர் கூரையில் சூரியத் தகடு பதித்து உபரியைக் கம்பியில் ஏற்றலாம். துணி துவைப்பதை நள்ளிரவுக்கு ஒதுக்கலாம். அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்குத் தனிக் கூரை ஏது? செந்தூல் அடுக்குமாடியில் கணவனும் மனைவியும் வேலை முடிந்து ரயிலில் இறங்கி, மாலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறார்கள். விளக்கு, மின்விசிறி, சோற்றுப் பானை, பிள்ளைகளின் பாடம் எல்லாம் அப்போதுதான் தொடங்கும். விலை குறையும் பத்து மணிக்குள் அந்த வீட்டில் பாத்திரம் கழுவியாகிவிடும்.