காலராவும் கணக்கும்

காலராவில் குடலின் உட்சவ்வு உரிந்து விழுகிறது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. உரிந்த குடல் எதை உறிஞ்சும்? ஆகவே வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கமாயிற்று. மணிக்கு ஒரு லிட்டர்கூட நீரிழக்கும் நோயாளிக்கு ரத்தநாளத்தில் ஏற்றும் சலைன் ஒன்றே கதி. 1959இல் கல்கத்தாவின் சம்புநாத் தே, கிருமியின் நச்சுதான் குடலுக்குள் நீரை இறைக்கிறது என்று முயல்களில் காட்டினார். பாங்காக்கில் நோயாளிகளின் சிறுகுடல் திசுவை எடுத்துப் பார்த்த யூஜின் கங்கரோசாவின் குழு, சவ்வு உரியவில்லை என்று 1960இல் எழுதியது. அதே ஆண்டு செக்கோஸ்லோவாகியாவில் நடந்த மாநாட்டில் ராபர்ட் கிரேன், சிறுகுடல் செல்லுக்குள் குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்தே நுழைகிறது என்றார். இரண்டும் போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா இந்த வாசலை மூடுவதில்லை.

இதை வைத்து, ஓ.ஆர்.எஸ். எனும் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆய்வகத்தில் பிறந்தது என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. வாசல் திறந்திருப்பது தெரிந்தால் போதாது, எவ்வளவு அனுப்புவது என்றும் தெரிய வேண்டும். கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953இலேயே 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்து, லான்செட் இதழில் எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. மேலைநாட்டு அலட்சியம் என்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் உள்ளே போனது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்ற கணக்கு அவர் கட்டுரையில் இல்லை. கணக்கு பிசகினால் என்னாகும் என்பதற்கு மணிலா சாட்சி: 1962இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் அங்கே செறிவு மிகுந்த கரைசலைக் கொடுத்துப் பார்த்தார், ஐந்து பேர் இறந்தார்கள். 1968இல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் காஷும் புதிதாகச் செய்தது ஒன்றுதான். போன நீரை அளந்து, அதற்கு ஈடான கரைசலைக் குடிக்கவைத்தார்கள். சலைன் தேவை 80 சதவீதம் குறைந்தது.

நம் பாட்டிமார் உப்புக்கஞ்சி கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுத்தார்கள். கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைவதால், பின்னர் டாக்காவில் அரிசிக் கரைசலும் பலித்தது. ஆனால் குடம் குடமாய் இழப்பவனுக்கு நாலு மடக்குக் கஞ்சி எம்மாத்திரம்? 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த இந்திய எல்லையூர் பன்காவில் சலைன் தீர்ந்தபோது திலீப் மஹலநாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டி அனுப்பினார். கலக்கிய நீரை உறவினர்களே குவளையில் மொண்டு புகட்டினார்கள். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 3.6 சதவீதமாயிற்று. 1980 முதல் வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று வீடு வீடாகத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு எவ்வளவு கூலி என்பது, பிற்பாடு கற்றுக்கொண்ட தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாள் என்பதைப் பார்த்தே முடிவாயிற்று.