கல்கத்தா சரக்கும் கான்பரா மண்ணும்: ஒரு முன்னோடிக் குடும்பத்தின் வரலாறு

குடும்ப வரலாறு எழுதுவது நம்மவர்க்குப் புதிய பழக்கம் அல்ல. எந்தத் தமிழ்ச் சங்க மலரைப் புரட்டினாலும் ஒன்றிரண்டு இருக்கும். இன்னார் முதன்முதலில் இந்த ஊருக்கு வந்தார், வெறுங்கையோடு வந்தார், பாடுபட்டார், கடை வைத்தார், பிள்ளைகள் தழைத்தார்கள் என்று அது போகும். தவறில்லை. ஆனால் நாற்பது ஆண்டு இந்தக் கல்கத்தாவில் அரிசி, பருப்பு மண்டி நடத்திப் பேரேடு பார்த்துப் பழகிய எனக்கு, இவற்றைப் படிக்கும்போதெல்லாம் வரவுப் பக்கம் மட்டும் நிரம்பி, பற்றுப் பக்கம் காலியாக இருக்கிற கணக்கு ஞாபகத்துக்கு வரும்.

நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். கடை மூடிய பின் நூலகங்களில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. அப்படிப் படித்ததில், நம் கல்கத்தாவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியாவில் வேர் விட்ட ஒரு வணிகக் குடும்பத்தின் கதை என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அதையே இங்கே எழுதுகிறேன்.

கிரீனக்கிலிருந்து கல்கத்தா

ராபர்ட் கேம்பெல் 1769-இல் ஸ்காட்லாந்தின் கிரீனக் என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். தந்தை ஜான் கேம்பெல், ஆஷ்ஃபீல்டு என்ற பண்ணையின் கடைசி உடைமைக்காரர். 'கடைசி' என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. நிலம் கைவிட்டுப் போன குடும்பத்தின் கடைக்குட்டிப் பிள்ளை. ஊரில் நிலமில்லாதவன் கடல் கடந்துதான் நிலம் தேடணும். இது எல்லா நாட்டுக்கும் பொது.

1796-இல், தம் 27-ஆம் வயதில், கல்கத்தா வந்து அண்ணன் பங்காளியாயிருந்த கேம்பெல் அண்டு கிளார்க் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏகபோக உரிமை உண்டு. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே வேறு எவனும் தன் இஷ்டத்துக்குச் சரக்கு ஏற்ற முடியாது. ஆகவே தனி வியாபாரிகள் கம்பெனியின் கண் அதிகம் விழாத கரைகளைத் தேடினார்கள். 1788-இல் கைதிகளைக் கொண்டு இங்கிலாந்து நிறுவிய சிட்னிக் குடியேற்றம் அப்படி ஒரு கரை. அங்கே சோறுக்கும் துணிக்கும் பஞ்சம். சாராயத்துக்கோ ஏகக் கிராக்கி.

பதினேழு பேர் நடந்த கதை

1796 நவம்பரில் கேம்பெல் அண்டு கிளார்க் கம்பெனி 'சிட்னி கோவ்' என்ற கப்பலை அனுப்பியது. அரிசி, துணி, பீங்கான், புகையிலை, 7,000 காலன் சாராயம் எல்லாம் அதில் ஏற்றியிருந்தார்கள். கப்பலை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள், அதாவது நம் நாட்டு மாலுமிகள். நடுக்கடலில் கப்பலில் ஓட்டை விழுந்து, 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவின் வடகிழக்கே ஒரு சிறு தீவில் கரைதட்டியது. குளிர் தாங்காமல் லஸ்கர்கள் பலர் வழியிலேயே இறந்தார்கள்.

உதவி தேடிப் 17 பேர் படகில் கிளம்பினர். அதில் 12 பேர் லஸ்கர்கள். படகும் உடைந்தது. யாரும் வரைபடம் போடாத கரையோரமாகச் சிட்னியை நோக்கி 600 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். வழியில் அந்த மண்ணின் ஆதிகுடி மக்கள் சில இடங்களில் அவர்களை எதிர்த்தார்கள்; பல இடங்களில் மீன் கொடுத்தார்கள், ஆறு கடத்தி விட்டார்கள். 1797 மே மாதம் ஒரு மீன்பிடிப் படகு கண்டு மீட்டபோது மிஞ்சியவர்கள் மூன்றே பேர். சரக்குப் பொறுப்பாளர் வில்லியம் கிளார்க், ஒரு வெள்ளை மாலுமி, ஒரு லஸ்கர்.

இன்று சிட்னித் தமிழர்கள் ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்குப் போகிறார்களே, அந்த வட்டாரக் கரையில்தான் அவர்களின் கடைசி நடை முடிந்தது. கோயில் எழும்புவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டான் ஒருவன் பசியோடு அங்கே நடந்திருக்கிறான். 'முன்னோடி' என்றால் அவன் அல்லவா முன்னோடி?

சரக்கும் சாராயமும்

இந்த நஷ்டத்துக்கெல்லாம் அசரவில்லை ராபர்ட் கேம்பெல். 1798-இல் தாமே 'ஹண்டர்' என்ற கப்பலில் சரக்கேற்றிப் போய் இடத்தைப் பார்த்தார், கரையோரம் நிலம் வாங்கினார். 1800-இல் திரும்பிப் போய் அங்கேயே தங்கிவிட்டார். துறையும் கிடங்குகளும் கட்டினார். அந்தத் துறை இன்றும் கேம்பெல் கோவ் என்றே வழங்குகிறது. 1801-இல் சோஃபியா பாமர் என்ற பெண்ணை மணந்தார். சோஃபியாவின் அண்ணன் ஜான் பாமர், குடியேற்றத்தின் அரசுக் கொள்முதல் அதிகாரி. சரக்கு விற்பவருக்குச் சரக்கு வாங்குபவரே மைத்துனர்! வியாபாரம் தெரிந்தவர்கள் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் குடும்ப வரலாறுகளில் அந்த அம்மாளுக்குக் கிடைத்தது 'மணந்தார்' என்ற ஒரு வரிதான்.

கேம்பெலின் நற்பெயருக்குக் காரணம் உண்டு. அதுவரை அங்கிருந்த படை அதிகாரிகள் வந்த சரக்கை மொத்தமாக மடக்கி, கண்டபடி விலை வைத்து விற்றார்கள். கேம்பெல் சிறு குடியானவனுக்கும் கடன் கொடுத்தார். கட்டுப்படியாகிற விலைக்கு விற்றார். வங்கத்திலிருந்து பசுக்களையும் இறக்கினார். அவரும் சாராயம் விற்றவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1805-இல் 'லேடி பார்லோ' என்ற கப்பலில் 13,000-க்கும் மேற்பட்ட கடல்நாய்த் தோல்களும் எண்ணெயும் ஏற்றி லண்டன் போனார். தங்கள் உரிமையை மீறிவிட்டதாகக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலைப் பிடித்துக்கொண்டது. அவருக்குப் பெரும் நஷ்டம். சிறு வணிகன் பெரிய கம்பெனியை எதிர்த்து நின்றான் என்று புத்தகங்கள் இதைப் பாராட்டுகின்றன. சரிதான். ஆனால் கொல்லாமையை முதல் விரதமாகச் சொல்லிக்கொடுத்த குடியில் பிறந்த என் கண்ணுக்கு அந்தப் பதின்மூவாயிரம் என்ற எண்தான் முதலில் பட்டது. ஒவ்வொரு தோலும் ஓர் உயிர்.

1808 ஜனவரி 26-இல் படையினர் கவர்னர் பிளை என்பவரைச் சிறைபிடித்தார்கள். 'ரம் கலகம்' என்று அதற்குப் பெயர். பிளையிடம் துறைமுக வரி அதிகாரியாயிருந்த கேம்பெல், கலகத்துக்குப் பின்னணியாயிருந்த ஜான் மக்கார்தரின் சாராயம் காய்ச்சும் கலங்களைப் பறிமுதல் செய்தவர். சும்மா விடுவார்களா? பதவி போனது. பின்னர் சாட்சி சொல்ல 1810-இல் லண்டன் போக வேண்டியதாயிற்று. 1815-இல் சிட்னி திரும்பியபோது வியாபாரம் நொடித்துக் கிடந்தது. முதலாளி இல்லாத கடை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார். 1819-இல் ஏழைகளும் கைதிகளும் பணம் போட்டு வைத்த சேமிப்பு வங்கியைப் பொறுப்பேற்று நடத்தினார். மக்கள் அதை 'கேம்பெல் வங்கி' என்றே அழைத்தார்கள்.

ஓர் அரிசிக் கப்பலின் விலை

இனிதான் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். 1806-இல் வெள்ளத்தால் சிட்னிப் பக்கம் பயிரெல்லாம் போயிற்று. கல்கத்தாவிலிருந்து தானியம் கொண்டுவர, கேம்பெலின் 'சிட்னி' என்ற கப்பலை அரசு வாடகைக்கு அமர்த்தியது. அது நியூகினி அருகே பவளப்பாறையில் மோதி மூழ்கியது. நஷ்டஈடு கேட்டுக் கேட்டு, கிட்டத்தட்ட இருபது ஆண்டு கழித்துக் கிடைத்தது 4,000 ஏக்கர் நிலமும் 710 ஆடுகளும்.

1825-இல் ஜேம்ஸ் எய்ன்ஸ்லி என்ற கண்காணி அந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு சுண்ணாம்புச் சமவெளி என்று பெயர் பெற்ற புல்வெளிக்கு வந்து சேர்ந்தார். ஆதிகுடிப் பெண் ஒருத்தி வழிகாட்டியதாக ஒரு கதை உண்டு. பூர்வீகக் கோட்டையின் நினைவாக அவ்விடத்துக்கு டன்ட்ரூன் என்று பெயரிட்டு, 1833-இல் கல்வீடு கட்டினார் கேம்பெல். அந்தப் புல்வெளிதான் இன்றைய கான்பரா, ஆஸ்திரேலியாவின் தலைநகரம்! கல்கத்தா அரிசிக்காகப் போய் மூழ்கிய கப்பலின் விலை அது.

1846-இல் டன்ட்ரூனிலேயே அவர் காலமானார். மகன் ராபர்ட் நியூ சவுத் வேல்ஸ் அரசில் நிதிப் பொறுப்பு வகித்தார். கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பும் வழக்கத்தை எதிர்த்தவர்களில் ஒருவர். இன்னொரு மகன் ஜார்ஜ் டன்ட்ரூன் வீட்டைப் பெரிதாக்கினார். அவர் மனைவி மரியான், ஓவியம் வரைந்தவர், 1903-இல் இறக்கும்வரை அவ்வீட்டில் வாழ்ந்தார். பேரன் ஃபிரெடரிக் யாரலும்லா பண்ணையை வாங்கினார். தலைநகர் அமைத்தபோது அரசு இரண்டையும் எடுத்துக்கொண்டது. டன்ட்ரூன் 1911 முதல் இராணுவக் கல்லூரி. யாரலும்லா 1927 முதல் கவர்னர் ஜெனரல் மாளிகை. நிலம் இழந்தவர் மகன் நிலம் பெற்றார். அவர் பேரன் காலத்தில் நிலம் மறுபடி கைமாறியது. நிலையாமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐந்தொகை

இனி ஐந்தொகை போடுவோம். கேம்பெலைக் கான்பராவின் முன்னோடி என்கிறார்கள். 1823, 24 வாக்கிலேயே ஜோஷுவா ஜான் மூர் என்பவரின் ஆட்கள் அங்கே மாடு மேய்த்தார்கள். அது கிடக்கட்டும். நன்னாவல், நம்ப்ரி என்று இன்று தம்மை அழைத்துக்கொள்ளும் மக்களின் முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மண்ணில் இருந்தார்கள். அரசு நஷ்டஈடாகக் கொடுத்த 4,000 ஏக்கர் அரசு யாரிடமும் விலைக்கு வாங்கியது அல்ல. உடைமைக்காரர் இல்லாத நிலம் என்று சட்டம் வைத்துக்கொண்டதால் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டக் கொள்கை தவறு என்று ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்பு சொன்னது 1992-இல்தான்.

ஆக, அரசு கேம்பெலுக்குப் பட்ட கடனை மூன்றாமவன் சொத்தைக் கொண்டு தீர்த்தது. நம் மண்டியில் எவனாவது இப்படிச் செய்தால் பஞ்சாயத்தில் நிறுத்திவிடுவோம். கேம்பெல் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. அவர் காலத்து வணிகரில் அவர் நாணயமானவர். நாணயமானவர் கணக்கிலேயே இவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதுதான் விஷயம். உறைந்து இறந்த லஸ்கர்களுக்கு, ஒற்றை வரியில் முடிந்துபோன சோஃபியாவுக்கு, டன்ட்ரூனில் ஆடு மேய்த்த கைதிகளுக்கு, ஆறு கடத்தி விட்டவர்களுக்கு, நிலம் இழந்தவர்களுக்கு.

இல்லறத்தானுக்கு எங்கள் அருங்கலச்செப்பு சொல்லும் விரதங்களில் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. எவ்வளவு போதும் என்று வரம்பு கட்டிக்கொள்ளச் சொல்கிறது அது. வரம்பு கட்டுவதற்கு முன்னால் எது தன்னுடையது, எது பிறனுடையது என்று தெரிந்திருக்க வேண்டும். குடும்ப வரலாறு அதற்கு உதவினால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் அது வெறும் மாலை மரியாதை.

இந்த நகரத்துக்கு வந்த நம் பெரியவர்களைப் பற்றியும் இனி எழுதுவோம், நிறைய எழுதுவோம். எழுதும்போது முதல் கடைக்கு நகை கழற்றிக் கொடுத்த பாட்டியின் பெயரைச் சேர்ப்போம். மூட்டை சுமந்த பீகாரிக் கூலித் தொழிலாளியின் பெயரையும், நாம் இடம் பிடித்தபோது இடம் விட்டுப் போனவர்கள் யார் என்பதையும் சேர்ப்போம். நம் பேரப்பிள்ளைகள் பெருமைப்படவும் வேண்டும், கணக்குத் தெரிந்தவர்களாகவும் இருக்க வேண்டும். தாத்தா தலைமுறை உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.